வெள்ளோட்டத் தேரில் சுவாமி ஏறுவதில்லை

ஒன்லைன் விளையாட்டுகளின் களத்தைப் பரீட்சார்த்தக் காலத்தில் மாற்றுவது நியாயமா? யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கேள்விக்கு ஒரு விளக்கம்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் என் மருமகன் படலையைத் திறந்த வேகத்திலேயே ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது. சைக்கிளைச் சுவரில் சாத்தியபடியே சொன்னான்: "மாமா, மப்பை மாத்திப்போட்டாங்கள்."

கைத்தொலைபேசியை என் முன்னால் பிடித்தான். இரண்டு மாதமாக அவனும் மூன்று கூட்டாளிகளும் ஒவ்வோர் ஆட்டத்திலும் போய் இறங்கிய மாடிவீடு அங்கே இல்லை. வீடு நின்ற இடம் வெறும் புல்வெளி. வீட்டின் பின்பக்கம் ஒரு மதில் இருந்ததாம், அதில் ஓர் உடைவு. அந்த உடைவுக்குள்ளால் புகுந்து ஆற்றங்கரைக்கு ஓடுவதுதான் அவர்களுடைய முழு வித்தையும். மதிலும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு இறுதிப் போட்டி. அக்கம்பக்கத்து ஊர்ப் பொடியள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுத் தாங்களே நடத்தும் சுற்றுப்போட்டி அது.

"சொல்லாமல் கொள்ளாமலோ மாத்தினவங்கள்?"

"பீட்டா தானே மாமா, எப்பவும் மாத்துவாங்களாம். ஆனா நியாயமோ, நீங்களே சொல்லுங்கோ."

அன்று என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. பிறகு தேடி வாசித்து, விளையாடுகிற பிள்ளைகளிடமும் கேட்டு அறிந்ததை இங்கே எழுதுகிறேன். அவன் விளையாடிய விளையாட்டின் பெயர் இதற்குத் தேவையில்லை. இந்தச் சிக்கல் எல்லா ஒன்லைன் விளையாட்டுகளுக்கும் பொதுவானது.

களம் என்பது வெறும் படம் இல்லை

விளையாடாதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் 'மப்' என்று சொல்வது, வழி காட்டும் வரைபடத்தை அல்ல. ஆட்டம் நடக்கும் முழு இடமும் அதுதான். வீடு, மதில், மேடு, பற்றை, பாலம் எல்லாம் அதற்குள் அடக்கம். எங்கே நின்றால் யார் தெரிவார், ஒளிய எவ்வளவு இடம், ஓட எத்தனை விநாடி என்பதெல்லாம் களத்தில்தான் தீர்மானமாகிறது. ஒரு கதவை ஓரடி நகர்த்தினால் ஒரு பக்கத்தின் வெற்றி வாய்ப்பே மாறிவிடும்.

'கவுண்டர் ஸ்ட்ரைக்' விளையாட்டின் 'டஸ்ட் 2' களம் இதற்கு நல்ல சான்று. டேவ் ஜோன்ஸ்டன் என்பவர் வடிவமைத்து 2001 இல் வெளிவந்த அந்தக் களத்தில் உலகம் முழுவதும் இன்றைக்கும் ஆடுகிறார்கள். அதன் நடுவில் ஓர் இரட்டைக் கதவு உண்டு. இரு கதவுகளுக்கும் இடையே ஓர் ஒடுங்கிய வெளி. தாக்கும் அணி ஆட்டம் தொடங்கும் இடத்திலேயே நின்று, அந்த வெளிக்குள்ளால் எதிரணியில் ஒருவரை முதல் சில விநாடிகளில் சுட்டுவிடலாம். கதவைக் கடக்கிறவர் எதுவும் செய்யமுன்னரே ஆட்டத்திலிருந்து போய்விடுவார். பல ஆண்டுகள் இப்படியே இருந்தது. 2021 இல்தான் அந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் அந்தப் பார்வைக் கோட்டை மறைத்தது. ஓர் ஒடுங்கிய வெளியை அடைத்ததால் இரு தரப்பின் ஆட்டமும் மாறியது. களம் என்றால் எவ்வளவு நுட்பமான சங்கதி என்பதற்கு இதுவே போதும்.

ஏன் மாற்றுகிறார்கள்?

ஒரு களத்தை வரைந்து முடித்தவர்கள், அதில் பத்தாயிரம் பேர் ஆடும்போது என்ன நடக்கும் என்பதை மேசையில் இருந்தபடி அறிய முடியாது. எல்லோரும் ஒரே கட்டடத்தில் போய் இறங்கலாம். ஒரு பக்கத்து அணியே திரும்பத் திரும்ப வெல்லலாம். ஒரு பாறை இடுக்கில் ஆட்டக்காரர் சிக்கி வெளியே வர முடியாமல் நிற்கலாம். மலிவான தொலைபேசியில் ஓரிடத்துக்குப் போனவுடன் திரை உறைந்துவிடலாம். ஆட்டக்காரர் எங்கெங்கே ஆட்டமிழக்கிறார்கள் என்று களத்தின் மேல் புள்ளி வைத்துப் பார்த்தால்தான் பிழை எங்கே என்று தெரியும். அந்தப் புள்ளிகளை வைக்க ஆட்கள் ஆட வேண்டும். பீட்டா எனப்படும் பரீட்சார்த்தக் காலம் அதற்காகத்தான்.

இதைப் பொறுமையாகச் செய்த ஒரு கதை உண்டு. பப்ஜி விளையாட்டின் முதல் களமான எரங்கல், எட்டுக் கிலோமீற்றர் நீளமும் எட்டுக் கிலோமீற்றர் அகலமும் கொண்டது. நான்குக்கு நான்கு என்ற அளவில், நூறு பேர் நெருக்கமாக ஆடும் ஒரு சிறிய களத்தைச் செய்ய பப்ஜியின் நிறுவனம் விரும்பியது. 16 சதுர கிலோமீற்றர் என்பது நமது யாழ் மாநகர சபை எல்லையை விடவும் சிறிய நிலம். 2018 ஏப்ரலில், 'சவேஜ்' என்ற தற்காலிகப் பெயரில், முழுமையாகச் செய்து முடியாத நிலையிலேயே அதை ஆட்டக்காரர்களுக்குத் திறந்தார்கள். பல சுற்றுகளாகச் சோதித்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் களம் மாறியது. அந்த ஆண்டு ஜூன் 22 இல் அது 'சான்ஹொக்' என்ற பெயரில் வெளிவந்தது. சோதனைக்கென்றே தனியான சேர்வர் வைத்திருந்தார்கள். களம் ஒவ்வொரு முறை மாறியபோதும், வழமையான ஆட்டத்தில் இருந்த எவருடைய கணக்கும் குழம்பவில்லை.

வெள்ளோட்டம்

நம் ஊர்க் கோயில்களில் புதுத் தேர் செய்தால், திருவிழாவுக்கு முன்னர் ஒரு நாள் அதை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அதுதான் வெள்ளோட்டம். சில்லு சரியாக உருளுகிறதா, அச்சு தாங்குகிறதா, வடக்கு வீதி மூலையில் திரும்புமா என்று ஆசாரிமார் தேரோடு சேர்ந்து நடந்தபடி பார்ப்பார்கள். சில்லுக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களும் தங்கள் வேலையை அன்றுதான் பழகுவார்கள். பிழை கண்டால் செதுக்குவார்கள், மாற்றுவார்கள். ஒருவரும் குறை சொல்வதில்லை. குறை காண்பதற்காகத்தானே இழுக்கிறார்கள். ஆனால் வெள்ளோட்டத்தன்று வழக்கமாகத் தேரில் சுவாமி எழுந்தருளுவதில்லை. சோதித்து முடிந்த பிறகுதான் சுவாமி ஏறுவார்.

பீட்டா என்பதும் வெள்ளோட்டம்தான். கிரேக்க நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து அது. நிறுவனத்துக்குள் நடக்கும் முதல் சோதனைக்கு முதலெழுத்தான ஆல்பாவின் பெயரையும், வெளியாரைக் கொண்டு நடத்தும் இரண்டாம் சோதனைக்குப் பீட்டாவின் பெயரையும் மென்பொருள் துறையினர் வைத்துக்கொண்டார்கள். அழைக்கப்பட்டவர் மட்டும் ஆடுவது மூடிய பீட்டா. எவரும் ஆடலாம் என்றால் திறந்த பீட்டா. முடியாத விளையாட்டையே விற்றுவிட்டு ஆட ஆடச் செய்து முடிப்பதை 'ஏர்லி அக்சஸ்' என்பார்கள். மூன்றிலும் 'இது மாறும்' என்ற நிபந்தனை முதலிலேயே இருக்கும். அதற்குச் சம்மதம் என்று அழுத்தித்தான் எல்லோரும் உள்ளே போகிறோம்.

ஆகவே மருமகனின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இது: பீட்டாவில் களத்தை மாற்றுவது அநியாயம் இல்லை. மாற்றாமல் விட்டால்தான் பிழை. தேரைச் செதுக்காதே என்று ஆசாரியிடம் சொல்ல முடியாது. மற்றப் பாதி, தேரில் யாரை ஏற்றினார்கள் என்பதில் இருக்கிறது.

அநியாயம் நுழையும் வாசல்கள்

முதல் வாசல் கணக்கு. வெற்றி தோல்வியையும் தரவரிசையையும் பரிசையும் எழுதிக்கொண்டே களத்தை மாற்றுவது.

எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் 'ஃபோர்ட்நைட்' இதற்குப் பெரிய உதாரணம். அதன் பிரபலமான பட்டில் ரோயல் ஆட்டம் 2017 செப்டெம்பரில் வந்தது. 'ஏர்லி அக்சஸ்', அதாவது இன்னும் முடியாத விளையாட்டு என்ற அடையாளம் அதன்மேல் 2020 ஜூன் வரை இருந்தது. அந்த அடையாளத்தோடுதான் 2019 ஜூலையில் நியூயோர்க்கில் அதன் உலகக் கிண்ண இறுதி நடந்தது. மொத்தப் பரிசு 3 கோடி அமெரிக்க டொலர். தனிநபர் பிரிவில் வென்ற 16 வயதுப் பையனுக்கு 30 இலட்சம் டொலர் கிடைத்தது.

அதற்கான ஒன்லைன் தகுதிச் சுற்று 2019 ஏப்ரல் 13 இல் தொடங்கி ஜூன் 16 வரை, பத்து வாரம் நீண்டது. நான்காம் வார இறுதியில், மே 4 ஆம் திகதி, களத்தில் எரிமலை வெடித்தது. ஆட்டக்காரர் அதிகம் இறங்கும் 'டில்டட் டவர்ஸ்' நகரம் அழிந்தது. 'ரீடெயில் ரோ' என்ற ஊரும் போனது. மே 9 இல் புதிய பருவம் தொடங்கியபோது அந்த இடங்களில் வேறு கட்டடங்கள் நின்றன. முதல் வாரங்களில் தகுதி பெற்றவர் ஒரு களத்தில் ஆடினார், பின்னர் தகுதி பெற்றவர் இன்னொரு களத்தில் ஆடினார்.

நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. தகுதி வாராவாரம் தனித்தனியாகத் தீர்மானிக்கப்பட்டது. ஒரு வாரத்தில் தங்களுக்குள் மோதியவர்கள் பெரும்பாலும் ஒரே களத்தில்தான் மோதினார்கள். ஆனாலும் பழைய களத்தை மாதக்கணக்கில் படித்து ஐந்தாம் வாரத்துக்காகக் காத்திருந்த பிள்ளையின் உழைப்பு இரண்டு நாளில் செல்லாக்காசானது.

இதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. 2018 டிசெம்பர் தொடக்கத்தில் அதே களத்தின் ஒரு மூலையில் பனிமலை முளைத்தது. டிசெம்பர் 11 இல் அந்த மலையுச்சியில் ஒரு வாள் வைக்கப்பட்டது. அதை எடுத்தவரை வெல்வது பெரும்பாடு. அந்த நாட்களில்தான் 10 இலட்சம் டொலர் பரிசுப் போட்டியும் நடந்துகொண்டிருந்தது. ஆட்டக்காரர் கொதித்தெழ, மூன்றே நாளில் நிறுவனம் தன் பிழையை ஒத்துக்கொண்டு வாளை எடுத்துவிட்டது. வாளை எடுக்கலாம். அதற்குள் தோற்றுப் போனவரின் ஆட்டத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இரண்டாம் வாசல் காசு. பீட்டாவில் ஆடையும் அலங்காரமும் விற்கிறார்கள். சோதனைக்கு உதவ வந்தவனிடமே காசும் வாங்கினால், அவன் வாங்கியது நிலைக்கும் என்று உறுதி சொல்ல வேண்டும்.

மூன்றாம் வாசல் காலம். வெள்ளோட்டம் ஒரு நாளில் முடியும். சில பீட்டாக்களுக்கு முடிவே இல்லை. குறை சொன்னால் "இது சோதனைதானே" என்பார்கள், போட்டி என்றால் "வாருங்கள், பரிசு உண்டு" என்பார்கள். இரண்டு பக்கத்து நன்மையையும் நிறுவனமே எடுத்துக்கொள்கிறது.

சரியாகச் செய்ய முடியும்

ரயட் கேம்ஸின் 'வலரன்ட்' 2020 ஏப்ரல் 7 முதல் மே 28 வரை மூடிய பீட்டாவில் இருந்தது. முடிந்ததும் எல்லோருடைய தரவரிசையையும் அழித்துவிட்டு, ஜூன் 2 இல் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தித் தொடங்கினார்கள். பீட்டாவில் செலவழித்த காசுக்குரிய விளையாட்டுப் பணத்தை 20 சதவீதம் கூட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். புதிய களம் ஒன்றும் அன்றுதான் சேர்ந்தது. கணக்கு வெறுமையாக இருந்ததால் எவருக்கும் நட்டமில்லை.

வால்வ் நிறுவனம் 2023 மார்ச் 22 இல் 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' இன் சோதனையைத் தொடங்கியபோது, டஸ்ட் 2 என்ற ஒரே களத்தை மட்டும் முதலில் கொடுத்தது. பழைய விளையாட்டு அதன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மே மாதம் பாரிஸில் நடந்த பெரும் போட்டி பழைய விளையாட்டில்தான் ஆடப்பட்டது. புதியது செப்டெம்பர் 27 இல்தான் முழுதாக வெளிவந்தது. தேர் ஒரு பக்கம், வெள்ளோட்டம் இன்னொரு பக்கம் என்று ஆறு மாதம் பிரித்தே வைத்திருந்தார்கள்.

பீட்டா முடிந்த விளையாட்டுக்கும் இந்த ஒழுங்கு தேவை. அதே நிறுவனம் 2023 ஏப்ரல் 20 இல் 'டோட்டா 2' களத்தை 40 சதவீதம் பெரிதாக்கியது. பேர்லினில் பெரும் சுற்றுப்போட்டி ஏப்ரல் 26 இல் தொடங்கியது. தொழிலாக ஆடும் அணிகளுக்குக்கூடப் புதிய நிலத்தை நடந்து பார்க்க ஒரு வாரம் முழுதாகக் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால்

நமது பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் கூர்மையானது. சோதனைக்கு யார் அழைக்கப்படுகிறார்கள் என்று பாருங்கள். வலரன்டின் பீட்டா வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொடங்கிப் பிறகு பிரேசில், லத்தீன் அமெரிக்கா, கொரியா என்று விரிந்தது. தெற்காசியா அந்தப் பட்டியலில் வரவே இல்லை. களம் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் அங்கே இருந்தார்கள். செய்து முடித்த களத்தில் ஆடத்தான் நாம் போனோம்.

அடுத்தது தூரம். இங்கிருந்து ஆடும் பலர் சிங்கப்பூர் சேர்வரோடு இணைகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் சுமார் 2,800 கிலோமீற்றர். ஒளியிழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வர 28 மில்லிவிநாடி எடுக்கும். உண்மையில் கேபிள் நேராகப் போவதில்லை, இடையில் பல சந்திகள் வேறு. அதனால் பிள்ளைகள் 'பிங்' என்று சொல்லும் தாமதம் இதைவிடக் கூடும். மூலையிலிருந்து பாய்ந்து வருகிறவர், மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்பவரைத் தாமதத்தின் அளவுக்கு முந்திக் காண்கிறார். மூலைகள் நிறைந்த களத்தில் அந்தச் சிறு தாமதமே உயிரெடுக்கும். திறந்தவெளிக் களத்தில் அவ்வளவு உறைக்காது. ஆகவே எந்தக் களம் வருகிறது என்பது சிங்கப்பூர்ப் பிள்ளைக்கும் சாவகச்சேரிப் பிள்ளைக்கும் ஒரே செய்தி இல்லை. சேர்வருக்குப் பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தக் குறை கண்ணில் படாது.

மூன்றாவது செலவு. களம் மாறும்போதெல்லாம் பெரிய அப்டேட் இறங்குகிறது. வீட்டில் ஃபைபர் உள்ளவனுக்கு அது ஒரு தேநீர் குடிக்கும் நேரம். றீலோட் போட்டு டேட்டா வாங்குகிற பிள்ளைக்கு அது அந்த வாரத்துக் கைக்காசு. தொலைபேசியில் இடமில்லாமல் அம்மப்பாவின் படங்களை அழித்துவிட்டு இறக்கிய பையனையும் நான் அறிவேன்.

பாக்குநீரிணைக்கு அப்பால் நடந்ததும் இங்கே நினைவில் வைக்க வேண்டியது. பப்ஜி மொபைலை இந்தியா 2020 செப்டெம்பர் 2 இல் தடைசெய்தது. அதற்குப் பதிலாக 2021 இல் வந்த 'பிஜிஎம்ஐ' என்ற இந்தியப் பதிப்பும் 2022 ஜூலையில் முடங்கியது. 2023 மே மாதம் அதற்கு மூன்று மாதப் பரீட்சார்த்த அனுமதி கிடைத்தது. சேர்வர் எங்கே இருக்கிறது, தரவு பாதுகாப்பாக உள்ளதா, பிள்ளைகள் அடிமையாகிறார்களா என்பவற்றைக் கவனிப்போம் என்று இந்திய அமைச்சர் ஒருவர் அறிவித்தார். 18 வயதுக்குக் குறைந்தோருக்கு நாளுக்கு 3 மணித்தியாலம், மற்றவர்களுக்கு 6 என்று வரம்பும் வந்தது. அந்த முடிவு சரியா பிழையா என்பது வேறு வாதம். ஆனால் சோதனைக்குக் கால எல்லை இருந்தது, எதைச் சோதிக்கிறார்கள் என்று வெளியே சொல்லப்பட்டது. விளையாட்டு நிறுவனங்களிடம் நாம் கேட்பதும் இந்த இரண்டையும்தான்.

நமது மைதானம் சொல்லும் முறை

கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. எத்தனை பேர் வந்திருக்கிறார்களோ அதற்கேற்பத்தான் தட்டுகளைக் கீறுவோம். ஆள் கூடினால் ஒரு தட்டுக் கூடும். காலால் கீறிய கோடு அழிந்தால் நின்று திரும்பக் கீறுவோம். களம் மாறக்கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் ஒருவன் எல்லாத் தட்டும் தாண்டிப் பழமாகித் திரும்பி வரும்போது, இடையில் ஒரு கோட்டை நகர்த்தினால் அன்றைக்குச் சண்டைதான். கோடு கீறுவதை எல்லாம் ஆட்டம் தொடங்கமுன் இரண்டு பக்கமும் நின்று பேசி முடித்துவிடுவோம்.

துடுப்பாட்டத்தில் இதே அறிவு எழுத்தில் இருக்கிறது. அதன் 6 ஆவது விதிப்படி, போட்டி நடக்கும்போது ஆடுகளத்தை மாற்றக்கூடாது. அதில் ஆடுவது ஆபத்து அல்லது நியாயமற்றது என்று நடுவர்கள் முடிவுசெய்தால் மட்டும் மாற்றலாம், அதுவும் இரு அணித் தலைவர்களும் சம்மதித்தால்தான். சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் யாழ் மத்திய கல்லூரிக்கும் இடையே 1904 இல் தொடங்கிய 'வடக்கின் பெரும் போர்' துடுப்பாட்டப் போட்டியைப் பார்க்கப் போகிற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. இரண்டாம் நாள் காலையில் வந்து பார்க்கும்போது ஆடுகளம் வேறிடத்தில் இருந்தால் மைதானம் சும்மா இருக்குமா?

இவற்றிலிருந்து ஒரு சிறு ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம். பீட்டாவில் களத்தை எப்போதும் மாற்றலாம். மாற்றமுன் நாள் குறித்துச் சொல்ல வேண்டும், ஏன் மாற்றுகிறோம் என்றும் சொல்ல வேண்டும். தரவரிசையும் பரிசும் அந்தக் களத்தில் ஏறக்கூடாது, ஏறியிருந்தால் மாற்றத்தோடு அழிய வேண்டும். வாங்கிய காசுக்கு ஈடு வேண்டும். சோதனை முடியும் திகதி தெரிய வேண்டும்.

நம் ஊரில் சுற்றுப்போட்டி நடத்தும் இளைஞர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பீட்டாப் பதிப்பில் காசுப் போட்டி வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், இடையில் களம் மாறினால் என்ன செய்வது என்று முதல் நாளே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை முகம் வாடி வரும்போது "கேம் தானே" என்று தள்ளிவிடாதீர்கள். அவன் கேட்பது விளையாட்டைப் பற்றி மட்டும் இல்லை, நியாயத்தைப் பற்றியும்தான்.

சனிக்கிழமை மருமகனும் கூட்டாளிகளும் மதவடியில் கூடினார்கள். இறுதிக்கு வந்த இரண்டு அணியும் அங்கே நின்றன. எதிரணி சுலபமாக மறுத்திருக்கலாம், ஏனெனில் மதில் போனதில் அவர்களுக்கு நட்டம் இல்லை. ஒரு மணித்தியாலம் பேசினார்கள். போட்டியை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். பழைய களத்தில் எடுத்த புள்ளிகளை எல்லாம் அழித்தார்கள். அரையிறுதியில் தோற்றுப்போன இரண்டு அணிகளுக்கும் போன் எடுத்து, திரும்ப வரச் சொன்னார்கள்.

அன்றிரவு மருமகன் புதுக் களத்தில் தனியாக இறங்கி, மாடிவீடு நின்ற புல்வெளியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். "என்னடா தேடுறாய்?" என்றேன். "ஆத்தங்கரைக்குப் போக வேறை வழி இருக்கோ எண்டு பாக்கிறன் மாமா" என்றான்.